அட்லாண்டாவின் அரங்கும் கந்தப்பளையின் பொட்டலும்

விளையாட்டுக்கும் அரசியலுக்கும் தொடர்பில்லை என்னும் கூற்று அடிக்கடி காதில் விழுவது. அதனோடு ஒட்டிப் பிறந்த இன்னொரு கூற்றும் உண்டு. மைதானம் மைதானமே, அதில் இன்று எது ஆடப்படுகிறது, நாளை எது ஆடப்படும் என்பதெல்லாம் நிருவாகிகள் தீர்மானிக்கும் சில்லறை விடயம் என்பதே அது. மலையகத்துக்குச் சர்வதேசத் தரத்தில் ஒரு பெரும் விளையாட்டரங்கு வேண்டுமென மேடைகளில் முழங்குவோரும், தோட்டத்துத் திடல்களைப் பற்றி வாய் திறவாதோரும் பெரும்பாலும் ஒரே ஆட்களாக இருப்பதற்கு இக்கூற்றே தத்துவ ஆதாரமாக நிற்கின்றது. இதன் பொய்மையை உணர்த்த ஐக்கிய அமெரிக்காவின் அட்லாண்டா நகரிலுள்ள ஓர் அரங்கின் வரலாறு பெரிதும் உதவும். மெய்வல்லுநர் போட்டிகளுக்கென எழுப்பப்பட்டு, ஓராண்டு நிறையும் முன்னரே பேஸ்போல் ஆட்டத்துக்குரியதாக மாற்றப்பட்ட அரங்கு அது.

முதற்கண் இவ்விரு விளையாட்டுகளின் களவடிவத்தை நோக்குதல் வேண்டும். மெய்வல்லுநர் ஓடுதளம் சுற்றொன்றுக்கு 400 மீற்றர் கொண்ட நீள்வட்டம். பேஸ்போல் திடலோ விசிறியை ஒத்தது. பந்தை அடிப்பவன் விசிறியின் காம்பில் நிற்க, அவனிடமிருந்து இரு கோடுகள் செங்கோணமாக விரிந்து, ஏறத்தாழ நூறு மீற்றர் தொலைவில் வேலியைத் தொடும். கிரிக்கெட்டைப் போல எத்திசையிலும் அடித்து ஓட்டம் எடுக்கும் ஆட்டமன்று அது. நீள்வட்டத்துக்குள் விசிறியை வைத்தால் ஒரு பக்கம் இடித்துக்கொண்டு நிற்கும்; மறுபக்கம் வீண் வெளியாகக் கிடக்கும்.

இந்த இடிபாட்டை உலகம் கண்டது லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் கொலிசியம் அரங்கிலே. 1923இல் திறக்கப்பட்டு, 1932இல் ஒலிம்பிக் விழாவின் பிரதான களமாக விளங்கிய அவ்வரங்கினுள், 1958இல் டொட்ஜர்ஸ் என்னும் தொழில்முறைப் பேஸ்போல் அணி நியூயோர்க்கின் புரூக்ளின் பகுதியை விட்டு வந்து குடிபுகுந்தது. இடப்புற வேலி அடிப்பவனிலிருந்து 251 அடி தூரத்திலேயே அமைந்துவிட்டது. அவ்வற்பத் தூரத்தை ஈடுசெய்வதற்கு 40 அடி உயரத்தில் வலை கட்ட வேண்டியதாயிற்று. கேலி செய்தோர் பலர். ஆனால் 1959ஆம் ஆண்டின் உலகத் தொடரில் ஓர் ஆட்டத்தைக் காண 92,706 பேர் அவ்வரங்கில் திரண்டனர். காசு புரளும் இடத்தில் வடிவப் பொருத்தம் யாருக்கு வேண்டும்?

வலையினும் கவனிக்க வேண்டியது வேறொன்று. கொலிசியம் அவ்வணிக்குத் தற்காலிகக் குடியிருப்பே. நிரந்தர இடமாக அதற்கு வாக்களிக்கப்பட்டது சாவேஸ் ரவீன் என்னும் மலைப்பாங்கான பகுதி. பாலோ வேர்டே, லா லோமா, பிஷப் எனும் மூன்று குடியிருப்புகளில் மெக்சிக்க வமிசாவளியினரான உழைப்பாளர் குடும்பங்கள் அங்கு வாழ்ந்து வந்தன. 1950இல் அவர்களுக்கு வந்த கடிதங்கள் கூறியது யாதெனில், அவ்விடத்தில் அரசாங்க வீடமைப்புத் திட்டம் வரவிருக்கின்றது, வெளியேறுவோருக்கு அப்புது வீடுகளில் முதலுரிமை வழங்கப்படும் என்பது. பெரும்பாலோர் வெளியேறினர். பொதுவீடமைப்பு என்பது பொதுவுடைமையின் மறுபெயர் என்று கூச்சலிட்டோர் நகராட்சியில் வலுப்பெற்றனர். 1953இல் திட்டம் கைவிடப்பட்டது. வீட்டுக்கென வாங்கிய நிலம் பேஸ்போல் அணிக்கு மாற்றப்பட்டது. எஞ்சிநின்ற சில குடும்பங்களை 1959ஆம் ஆண்டு மே மாதத்தில் காவலர் தூக்கி வெளியேற்றினர். அங்கிருந்த பள்ளிக்கூடம் ஒன்று கூரை நீக்கப்பட்டு மண்ணிட்டு மூடப்பட்டது. 1962இல் புதிய அரங்கு திறக்கப்பட்டது. வீடு தருகிறோம் என்று கூறி நிலத்தை எடுப்பதும், எடுத்த நிலத்தில் வேறொன்று முளைப்பதும் லயன் காம்பிராக்களில் வாழ்வோருக்கு விளக்கிக் கூற வேண்டிய சங்கதி அல்ல.

கொலிசியம் நான்கு ஆண்டுகள் பட்ட அவதியை அட்லாண்டாவின் பொறியியலாளர்கள் வரைபடத்திலேயே தீர்த்துவிட்டனர். 1996ஆம் ஆண்டு ஒலிம்பிக் விழாவுக்கென அவர்கள் அமைத்த நூற்றாண்டு ஒலிம்பிக் அரங்கு, தோற்றத்தில் மெய்வல்லுநர் அரங்கு. உள்ளெலும்பில் பேஸ்போல் அரங்கு. தென்மேற்கு மூலையில் இருக்கைகள் விசிறியின் வளைவுக்கேற்ப நிரந்தரமாக எழுப்பப்பட்டன. வடபுறத்து இருக்கைகள் கழற்றி எறிவதற்கென்றே பொருத்தப்பட்டன. 85,000 பேர் அமர்ந்த அரங்கு விழா முடிந்ததும் ஏறத்தாழ 50,000 பேருக்குரியதாகச் சுருக்கப்பட்டது. ஓடுதளம் பெயர்த்தெடுக்கப்பட்டது. மைக்கல் ஜோன்சன் 200 மீற்றர் தூரத்தை 19.32 செக்கனில் ஓடி முடித்ததும், கனடாவின் டொனவன் பெய்லி 100 மீற்றரை 9.84 செக்கனில் கடந்து உலக சாதனை நாட்டியதும் அத்தளத்திலேதான். மறு ஆண்டு வசந்தகாலத்தில் அவ்விடத்தில் புல் வளர்ந்திருந்தது. பிரேவ்ஸ் அணி ஆடிக்கொண்டிருந்தது. அரங்கின் பெயரும் மாறி, அணியின் உரிமையாளரான தொலைக்காட்சி அதிபர் டெட் டேர்னரின் பெயரைத் தாங்கி நின்றது. அவ்வணியின் ஒப்பற்ற வீரரான கறுப்பினத்தவர் ஹாங்க் ஏரனின் பெயரைச் சூட்ட வேண்டுமென்று கேட்டோர் இருந்தனர். அவருக்குக் கிடைத்தது வாசலிலிருந்த வீதியின் பெயர். முதலாளிக்கு அரங்கு, ஆட்டக்காரனுக்குத் தெரு!

இம்மாற்றத்தைப் போற்றுவோர் கூறும் நியாயம் அற்பமானதன்று. அதை நேர்மையாக எடுத்துரைத்தல் கடன். ஒலிம்பிக் விழாவுக்கெனக் கட்டிய பல அரங்குகள் விழா முடிந்தபின் நகரங்களின் கழுத்தில் கல்லாகத் தொங்கின. 1976இல் மொன்றியல் நகரம் கட்டிய அரங்கும் மறு ஆண்டே பேஸ்போலுக்குத் திரும்பியது. ஆயினும் அதன் கடன் தீர 2006 வரை ஆயிற்று. கியூபெக் மாகாணத்தில் புகையிலைக்கு விசேட வரி விதித்தே அது அடைக்கப்பட்டது. அங்கு ஆடிய எக்ஸ்போஸ் அணியோ கடன் தீருமுன்னரே, 2004ஆம் ஆண்டோடு, நகரை விட்டுப் போய்விட்டது. இதனோடு ஒப்பிடின் அட்லாண்டாவின் அரங்கு சிக்கனத்துக்கு இலக்கணம். 20 கோடி டொலருக்கு மேற்பட்ட செலவில் பெரும்பகுதியை வரிப்பணத்திலிருந்து எடுக்காமல் ஒலிம்பிக் ஏற்பாட்டுக் குழுவே தன் வருவாயிலிருந்து ஈடுசெய்தது. 1997 முதல் 2016 வரை இருபது பருவங்கள் அங்கு ஆட்டம் நடந்தது. பொருளொன்றும் பாழாகவில்லை என்பது அவர்தம் வாதம்.

கட்டடத்தை மட்டும் நோக்கினால் வாதம் சரி. கட்டடம் நிற்கும் நிலத்தை நோக்கினால் கணக்குப் பிழைக்கின்றது. அரங்கு அமைந்த சமர்ஹில் பகுதி, அமெரிக்க உள்நாட்டுப் போரின் பின் அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட மக்கள் வந்து குடியேறிய பழைய குடியிருப்பு. 1950களிலும் 1960களிலும் அதிவேக நெடுஞ்சாலைகளும் நகரப் புனரமைப்பு என்ற பெயரிலான இடிப்பும் அதைத் துண்டாடின. துப்புரவாக்கப்பட்ட நிலத்தில், இதே பிரேவ்ஸ் அணியைக் கவர்ந்திழுப்பதற்காக 1965இல் முதலாவது அரங்கு திறக்கப்பட்டது. தமக்குச் சொந்தமில்லாத நிலத்தில், தம் கையில் இல்லாத பணத்தைக் கொண்டு, இன்னும் ஒப்பந்தமாகாத அணிக்காக அதைக் கட்டியதாக அன்றைய மேயர் ஐவன் அலன் பெருமையடித்துக்கொண்டார். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! அடுத்த ஆண்டு செப்டெம்பரில், காவலர் ஒரு கறுப்பின இளைஞனைச் சுட்டதையடுத்து, சமர்ஹில்லில் கலவரம் மூண்டது. அதன் உடனடிக் காரணம் துப்பாக்கிச் சூடு எனினும், அதற்கு முன்னரே மூட்டமாய்க் கனன்றுகொண்டிருந்தது யாது என்பதை அறிய ஆராய்ச்சி வேண்டியதில்லை.

முப்பது ஆண்டுகளின் பின் ஒலிம்பிக்கின் பெயரால் இரண்டாவது அரங்கு அதே மக்களின் தலைமாட்டில் வந்தது. அயற்குடியினர் எதிர்த்துக் குரல் எழுப்பினர், அரங்கு எழும்பியது. முதலாவது அரங்கு, ஹாங்க் ஏரன் 1974இல் தமது 715ஆவது ‘ஹோம் ரன்’னை அடித்து வரலாறு படைத்த அதே அரங்கு, 1997இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டு வாகனத் தரிப்பிடமாக்கப்பட்டது. சிறுவர் ஓடும் தளமாக அன்றி, வெளியூரார் வண்டி நிறுத்தும் தளமாக! ஆண்டில் எண்பது சொச்சம் நாட்கள் அது நிரம்பும். ஏனைய நாட்களில் வெறுந்தாராய்க் கிடக்கும்.

அத்துடன் கதை முடிந்ததா? 2013இல் அணி நிருவாகம் ஓர் அறிவித்தல் விடுத்தது. சீட்டு வாங்குவோரில் பெரும்பாலோர் நகருக்கு வடக்கேயுள்ள புறநகர்களில் வசிக்கின்றனராம். போக்குவரத்து வசதி போதாதாம். அரங்குக்குத் திருத்த வேலைகள் அதிகமாம். ஆகவே 2017இல் அணி கொப் கவுண்டியின் புதிய அரங்குக்கு இடம்பெயர்ந்தது. அவ்விடத்து மக்களின் பொதுப்பணத்திலிருந்து ஏறத்தாழ 30 கோடி டொலர் அதற்கு ஒதுக்கப்பட்டது. கைவிடப்பட்ட அரங்கை ஜோர்ஜியா அரச பல்கலைக்கழகம் வாங்கி, அமெரிக்கக் காற்பந்தாட்டத்துக்கேற்ப மாற்றிக்கொண்டது. ஓட்டம் போய்ப் பேஸ்போல், பேஸ்போல் போய்க் காற்பந்து. மூன்று முறை உருமாறிய அவ்வெளியில் ஒரு முறையேனும் முடிவு சமர்ஹில்லின் கையில் இருக்கவில்லை. எந்த ஆட்டம் ஆடப்படுகிறது என்பதன்று கேள்வி. ஆட்டத்தை மாற்றும் அதிகாரம் எவர் வசம் உள்ளது என்பதே கேள்வி.

இனிக் கந்தப்பளைக்கு வருவோர் அங்கு காண்பது யாது? நுவரெலியாவிலிருந்து இராகலைக்குச் செல்லும் பாதையில், கடல்மட்டத்துக்கு ஆறாயிரம் அடிக்கு மேல், கோர்ட்லொட்ஜ், பார்க், கொங்கோடியா முதலான தோட்டங்கள் சூழ்ந்த சிறு நகரம். மரக்கறித் தோட்டங்களும் தேயிலை மலைகளும் சரிவிலே தொங்குகின்றன. சமதரை என்பது இங்கு இயற்கை தருவதன்று, மண்வெட்டி தருவது. வெட்டிச் சமப்படுத்திய தரையெல்லாம் எதற்கு ஒதுக்கப்பட்டது என்று பார்த்தால் தோட்ட சமுதாயத்தின் படிநிலை முழுவதும் கண்முன் விரியும். பங்களாவுக்கும் அதன் டெனிஸ் தளத்துக்கும் ஒரு தரை, ஸ்டோருக்கு ஒரு தரை, பெரட்டுக் களத்துக்கு ஒரு தரை, மிஞ்சியதில் லயங்கள். பிள்ளைகளுக்கு வாய்த்தது காமன் பொட்டல். மாசியில் காமன் கூத்து, மேதினத்தில் கூட்டம், மாலையில் காற்பந்தும் கரப்பந்தும் எல்லேயும், சமயத்தில் கலியாணப் பந்தலும் அதே பொட்டலில். பல பயன் கொண்ட அரங்கு என்று இன்றைய திட்டமிடலாளர் எதைப் பெருமையாகப் பேசுகின்றனரோ, அதைத் தோட்டத் தொழிலாளர் எந்தப் பொறியியலாளரின் துணையுமின்றி நூறாண்டுக்கு மேலாக நடத்தி வந்திருக்கின்றனர்.

துரைமாருக்கு வெளி குறைவாக இருந்ததில்லை. நுவரெலியாவில் 1875இல் குதிரைப் பந்தயத் திடல் அமைந்தது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கொல்ப் திடலும் வந்தது. ரதெல்லையில் தோட்டத்துரைமார் அமைத்த கழகத்தின் பெயர் திம்புளை மெய்வல்லுநர், கிரிக்கெட் கழகம். மலையேறி மலையிறங்கி நாளெல்லாம் கூடை சுமந்தவரின் மெய்வன்மை அங்கு கணக்கில் வரவில்லை. குதிரை ஓடுவதற்கு வட்டமாய் வெளி கண்ட நாட்டில், கொழுந்து பறிப்பவளின் மகள் ஓடுவதற்கு 200 மீற்றர் சுற்றேனும் போடத் தோட்டப் பாடசாலைகளில் இடம் கிடைப்பது அருமை. சுண்ணாம்புக் கோட்டைச் சரிவிலே இழுத்து, மேட்டில் தொடங்கிப் பள்ளத்தில் முடியும் பந்தயத்தில் அவள் ஓடுகின்றாள். சிட்னியில் 2000ஆம் ஆண்டு சுசந்திகா ஜயசிங்க 200 மீற்றர் ஓட்டத்தில் பதக்கம் வென்றபோது ஆனந்தக் கண்ணீர் வடித்த நாடு, இன்னொரு சுசந்திகா எந்தத் தரையில் ஓடிப் பழகுவாள் என்று மலையகத்தை நோக்கிக் கேட்டதில்லை.

உருமாற்றம் கந்தப்பளைக்குப் புதிதன்று என்பதையும் குறிப்பிடல் வேண்டும். ஊருக்கு மேலேயுள்ள ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலை 1970களின் தொடக்கத்தில் ஓய்ந்து, பின் அட்லாண்டாவில் ஒலிம்பிக் தீபம் ஏற்றப்பட்ட அதே 1996இல் ஆடம்பர ஹோட்டலாகத் திறக்கப்பட்டது. கொழுந்து வாட்டிய மேல்மாடிகள் விருந்தினர் அறைகளாயின. பழைய இயந்திரம் காட்சிப் பொருளாயிற்று. கட்டடம் இடிபடாது பேணப்பட்டமை பாராட்டத்தக்கதே. எனினும் அட்லாண்டா வாதிகளுக்கு அளித்த விடை இங்கும் பொருந்தும். கட்டடம் தப்பிப் பிழைத்தது என்பது ஒன்று. அதனைச் சூழ வாழ்ந்தோர் மறுபயனில் பங்காளிகளாயினர் என்பது முற்றிலும் வேறு.

பேஸ்போலும் இலங்கைக்கு வந்துவிட்டது. யப்பானிய உதவியுடன் ஹோமாகமைக்கு அருகே தியகமவில் அதற்கெனத் தனித்திடல் உண்டு. அருகிலேயே மெய்வல்லுநர் அரங்கும் உண்டு. பெயர் ஒற்றுமையைப் பார்த்து அக்கரப்பத்தனைப் பக்கத்து டயகம தோட்டத்தார் மயங்க வேண்டியதில்லை. அந்தத் தியகம மேல் மாகாணத்தது.

‘பெரிய அரங்கு ஒன்று முதலில் வரட்டும், அதைத் தொடர்ந்து எல்லாம் வரும்’ என்போருக்குச் சில கேள்விகள் உண்டு. அவ்வரங்கு எவருடைய நிலத்தில் வரும்? அது எந்த ஆட்டத்துக்கென அறிவிக்கப்படும், பத்தாண்டின் பின் எதற்கு மாற்றப்படும்? கந்தப்பளைத் தோட்டத்துப் பிள்ளை மாலை ஐந்து மணிக்கு அதனுள் நுழைய எவரிடம் கடிதம் வாங்க வேண்டும்? பெரிய அரங்கு வேண்டாம் என்பதன்று இங்கு வாதம். இருக்கும் பொட்டல்களுக்கே உரித்து இல்லாத மக்களுக்குப் புதிய அரங்கு வந்தாலும், அவர்கள் அதற்குச் சமர்ஹில் வாசிகளாகவே இருப்பர்.

உரித்தில்லை என்பது வெறும் உணர்ச்சிப் பேச்சன்று. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. நிலம் 53 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டது. தேயிலை மலை, ஸ்டோர், லயம் ஆகியவற்றோடு பொட்டலும் அக்குத்தகைக்குள் அடங்கியது. திடலில் கன்று நடுவதா, கட்டடம் எழுப்புவதா, விளையாட விடுவதா என்பது தோட்ட நிருவாகத்தின் விருப்பத்தைப் பொறுத்தது. நல்ல துரை வந்தால் விளையாட்டு விழா. வேறு துரை வந்தால் கம்பிவேலி. தலைமுறை தலைமுறையாக ஒரு சமூகத்தின் கூத்தும் கூட்டமும் ஓட்டமும் நிகழ்ந்த வெளி, சட்டத்தின் பார்வையில் பயிரிடப்படாத காணித்துண்டு.

தொழிற்சங்கங்கள் இதில் காட்டும் அசட்டை மன்னிக்கத்தக்கதன்று. சம்பளமும் வீடும் முதன்மையானவை என்பதில் ஐயமில்லை. ஆயின் வீட்டுக் காணிக்குப் பேர்ச்சஸ் கணக்குப் பேசும் மேடைகளில் திடலின் எல்லையைப் பற்றி ஒரு சொல் ஏன் எழுவதில்லை? தேர்தல் காலத்தில் பந்தும் வலையும் சீருடையும் பங்கிடும் தலைவர்கள், பந்து விழும் நிலத்தை எழுதிக் கேட்கத் தயங்குவது ஏன்? பந்து கொடுப்பதற்கு நன்றி கிடைக்கும். காணி கேட்பதற்குப் பகை கிடைக்கும்.

தோட்டப் பகுதிகளில் தம் நிதியைச் செலவிடப் பிரதேச சபைகளுக்கு இருந்த சட்டத்தடை 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் நீக்கப்பட்டுவிட்டது. ஆகையால் சபைக்கு அதிகாரமில்லை என்ற பழைய சாட்டு இனிச் செல்லாது. ஒவ்வொரு தோட்டத்துப் பொட்டலும் நில அளவையாளரால் அளக்கப்பட்டு, குத்தகைக் காணியினின்று பிரிக்கப்பட்டு, பொது மைதானமாகப் பிரதேச சபையின் பெயரில் பதியப்படல் வேண்டும். அதன் பயனை மாற்றுவதாயின் அத்தோட்டத்து மக்களின் கூட்டத்தில் சம்மதம் பெறவேண்டுமென்ற விதியும் அப்பதிவிலேயே எழுதப்படல் வேண்டும். குத்தகைக் காலம் முடியட்டும், அப்போது பார்க்கலாம் என்று கூறுவோர் உளர். அக்காலம் முடிவது 2045இல். இன்று கந்தப்பளையில் முதலாம் வகுப்பில் சேரும் சிறுமிக்கு அப்போது இருபத்தைந்து வயதளவில் இருக்கும்.